என் பெயரும் பூப்போட்ட பீங்கானும்

நதீரா,

நாவிதன்வெளி வயலுக்கு இன்று வெட்டு மெஷின் வருகிறது. சுபஹ் தொழுதுவிட்டுப் போகிறேன், இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வருவேன். மோட்டார் சைக்கிள் திறப்பு பிரிட்ஜுக்கு மேல் இருக்கிறது. உன் தம்பி றிஸ்மி கேட்டால் கொடு. நேற்றைய மீனாணத்தைச் சூடாக்கி வை, மகள் அம்ஹா பசியோடு வருவாள்.

இனிமேல் கொம்பியூட்டரைப் போட்டால் இரண்டு பெயர் வரும். உங்கள் எல்லோருக்கும் 'வீடு'. அம்ஹாவின் பாடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. மற்றது என் பெயர். என் பழைய மெயில்களை அதற்குள் வைத்துப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன். "என்னத்துக்கு இவருக்கு மட்டும் பூட்டு?" என்று உன் உம்மா கேட்டால், வேலை விசயம் என்று சொல்லிவிடு.

கட்டாரில் இருக்கும் என் கூடப்பிறந்த ராத்தாவின் பதில் மெயில், நான் பார்க்க முதலே திறந்து கிடந்தது. நான் அவவுக்கு எழுதியதையும் நீ வாசித்திருப்பாய்: கலியாணம் முடித்து உன் வீட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் விருந்தாளி மாதிரித்தான் இருக்கிறேன் என்று. அன்றிலிருந்து அலுமாரியில் விருந்தாளிகளுக்கென்று இருந்த பூப்போட்ட பீங்கானை எடுத்து, அதில்தான் எனக்குச் சோறு வைக்கிறாய். "இன்னம் கொஞ்சம் போடட்டா?" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

வாசித்ததற்குக் கோபமில்லை.

காலிதீன்

பாஸ்வேர்டைக் கேட்டால் சொல்லுவேன். கேள்.

இரவு நீயும் சாப்பிடாமல் இருந்தால், உன் பீங்கானிலேயே இரண்டு பேருக்கும் போடு. நித்திரை வந்தால் படு. பூப்போட்டதை மட்டும் எனக்கென்று வெளியே எடுத்து வைக்காதே.