மூன்றாவது படம்

24.10.2006 செவ்வாய்

புழுக்கம். ஆபிரிக்கக் காற்று, யன்னலெல்லாம் மண். லிபெர்த்தா வீதியில், வேலை செய்யும் வீட்டில் தூசி தட்டல்: அலுமாரி, விளக்கு, சாப்பாட்டறையின் ஐந்து படங்கள். ஐம்புலன்களாம், பழைய பிளெமிஷ் ஓவியக் குடியானவர்கள். கண்ணாடி போட்டுக் கடதாசி வாசிப்பவன், பிடில்காரன், குழந்தையின் குண்டி துடைக்கும் தாய் (பக்கத்தில் புருசன் மூக்கைப் பொத்துகிறான், அதுதான் மணமாம்!), குடிகாரன், கையில் ஒட்டின பிளாஸ்டரைப் பிய்க்கப் பல்லைக் கடிப்பவன்.

கந்தசஷ்டி. ஒருநேரச் சாப்பாடு. என் கதிரைக்கு நேர் மேலே அந்தக் குண்டி. முருகா, எப்படி இறங்கும்? மூன்றாவதையும் ஐந்தாவதையும் மாற்றிக் கொழுவினேன். வீட்டுக்காரக் கிழவர் சின்யோருக்குத் தெரியாது. கண் போய் நாலு மாதம். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

26 வியாழன்

பால், வாழைப்பழம், சின்யோரின் கண் மருந்து. நாளை மிலானோவிலிருந்து அவர் மகள் வருகிறாள். கண் தெரியவில்லை என்று கண்டால் வயோதிபர் இல்லம்தான், போனிலேயே சொல்லிவிட்டாள். அவர் போனால் என் வேலையும் போச்சு. அடுத்த மாதம் பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும், வேலைக் கடிதம் இல்லாமல் நடக்காது.

சின்யோர் சிரிக்கிறார். மகள் சோதிக்க அந்தப் படங்களைத்தான் காட்டுவாளாம். நாற்பது வருடம் பார்த்த சுவர், வரிசை மனப்பாடமாம். பாவம், என்னைத் தேற்றுகிறார்.

27 வெள்ளி

மகள் வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வுச்சீரியா சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுதான் நினைவு வந்தது. படம்! வீட்டில் மனைவி வசந்தியிடம் சொன்னேன். சண்டை.

"இஞ்சாருங்கோ, முருகனே அந்தப் படத்தைப் பற்றிக் கவலைப்படேல்லை. உங்களுக்கு என்ன வந்தது?"

விடிய முதல் பஸ்ஸில் போய் மாற்றிக் கொழுவ வேண்டும்.

28 சனி

ஏழு மணிக்கே மகள் சாப்பாட்டறையில், கோப்பியுடன். பக்கத்தில் சின்யோர், சவரம் செய்து, சட்டை மாற்றி. தனியே ஒரு சொல் கதைக்க வழியில்லை.

நடுப்படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டாள். அவர் மிடுக்காக: தாய், குழந்தை, மூக்கைப் பொத்தும் தகப்பன். அங்கே பிளாஸ்டர்க்காரன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"சரி, அப்பா" என்றாள். பல்கணியில் போய் நெடுநேரம் நின்றாள்.

தொலைந்தோம். என் வயிற்றுக்காக அந்த மனுசனை விற்றுவிட்டேன்.

29 ஞாயிறு

காற்று ஓய்ந்தது. மகளின் பெட்டியை டாக்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் வீங்கியிருந்தது. அப்பாவுக்குப் படியில் கை கொடு என்றாள், அவ்வளவுதான்.

மேலே வந்தேன். மேசையில் என் வேலைக் கடிதம், மகளின் கையெழுத்துடன். சுவரில் தாயும் குழந்தையும் திரும்ப மூன்றாம் இடத்தில். நான் கை வைக்கவில்லை. சின்யோரால் முடியாது.

இன்று பாறணை, விரதம் முடிந்தது. அந்தப் படத்துக்குக் கீழேயே இருந்து சாப்பிட்டேன்.