ஒரு சாண் வலப்பக்கம்

ஓட்டர் ஏரி, மிஷிகன்
அக்டோபர் 4, 1998

அன்புள்ள ஊர்ஹோ மச்சானுக்கு,

வெய்க்கோ எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை லெம்பியும் நலம். அரிசோனா வெயிலில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இங்கே மேப்பிள் இலை பாதி கொட்டிவிட்டது. உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. லெம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது, சௌனாவின் நீராவிச் சூட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து வேர்த்ததும் விட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். இந்த நவம்பர் வேட்டைக்கும் வரப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தொரு வருடமாக அதைத்தான் எழுதுகிறீர்கள், எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த முறை கூடவே ஒரு வரி இருந்தது. "அப்பாவோட துப்பாக்கிய என்ன வேணா பண்ணுங்க மாப்ள, அது யாருக்குப் போகணும்னு அதுக்கே தெரிஞ்சிருந்துச்சு." அந்த வரிக்குப் பதில் எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

துப்பாக்கியின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். குழலில் கறுப்பு என்று ஒன்று இருந்ததற்கு இப்போது சாட்சியே இல்லை, கை பிடிக்கிற இடமெல்லாம் பழைய கரண்டி மாதிரி வெளுத்துவிட்டது. வெடித்த அடிக்கட்டையில் மாமா சுற்றிய செம்புக் கம்பி அப்படியே இருக்கிறது. அந்தக் கம்பி சுரங்கத்திலிருந்து எப்படி வீட்டுக்கு வந்தது என்று அவரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. வியர்வை உப்புக்காக முள்ளம்பன்றி கடித்த பல்தடமும் இருக்கிறது. கழன்றுபோன திருகாணி ஒன்றின் இடத்தில் லாட ஆணி நிற்கிறது. கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்துவிட்டால் கடகடவென்று ஒரு சத்தம். லெம்பி அடுப்படியிலிருந்து, "கிழவன் இருமுறான், கஷாயம் வேணுமான்னு கேளுங்க" என்கிறாள். குண்டு போடுகிற வாசல் இன்றைக்கும் கட்டைவிரல் தோலைக் கொஞ்சம் காணிக்கை வாங்காமல் விடுவதில்லை.

எண்ணெய் தீர்ந்துபோன வருடம் மாமா பன்றிக் கொழுப்பைத் தடவிக் கொண்டுபோனாரே, நினைவிருக்கிறதா? நம் நாய் மானை விட்டுவிட்டு நாள் முழுக்கத் துப்பாக்கியின் பின்னாலேயே நாக்கைத் தொங்கப்போட்டு நடந்தது. அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு மைல் சுற்றளவில் ஒரு மான்கூட மிஞ்சவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது மச்சான். அப்படிச் சிரிக்கிற ஆளை இந்தக் காட்டில் நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

இனி சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். லெம்பி எதிரே உட்கார்ந்து பேனா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

1965இல் எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் நவம்பர். புது மருமகன் என்று மாமா ஒரு நாளைக்குத் தன் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். காட்டில் நெம்புகோல் உறைந்து இறுகிவிட்டது. வேட்டைக் குடிலுக்குத் திரும்பியதும் இளகட்டுமே என்று குண்டுகளைக் கழற்றிவிட்டு அதைச் சௌனாவுக்குள் கொண்டுபோனேன். துப்பாக்கியைச் சௌனாவுக்குள் கொண்டுபோகிறவன் நம் ஆட்களில் எவனாவது உண்டா? சுவரில் சாய்த்து வைத்தேன். அது வழுக்கி, அடுப்புக் கல் மேல் தலைகுப்புற விழுந்தது. குழல் நுனியில் குறி பார்க்கிற முள் வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குறடால் நிமிர்த்தப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, இறைச்சி அடைத்த பேஸ்டி சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வருடம் மாமாவுக்குக் கண்ணில் பூ விழுந்தது. காலையில் மகன், தவறவிட்டால் மதியம் மருமகன் என்று சட்டம் போட்டுத் துப்பாக்கியை உங்களிடம் கொடுத்தார். அறுபது தப்படியில் நின்ற மான், நீங்கள் சுட்டீர்கள், குண்டு இடது பக்கம் போயிற்று. மானைத் தவறவிட்டவனுக்கு வேட்டைக் குடிலில் உள்ள வழக்கப்படி உங்களை முதுகு காட்டி நிற்கவைத்து, சட்டையின் பின்துண்டைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடித்தார் மாமா. எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். முள் வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம் போகும் என்று தெரிந்த நான், மதியம் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தேன். மான் விழுந்தது.

பதினோரு வருடம் மச்சான். பதினோரு துண்டு. வேட்டை தொடங்குமுன் தகர டப்பாவை வைத்து நாலு குண்டு சுட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். "குண்டு மானுக்குடா, டப்பாவுக்கு இல்ல" என்று மாமா ஒரு நாளும் விட்டதில்லை. ஒருமுறை நீங்கள் துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்றதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "துப்பாக்கி மேல பழி போடாத. அதுக்குக் கண்ணு இருக்கு. விசைய இழுக்கிறப்ப நீதான் கண்ண மூடுற." அன்று நீங்கள் தட்டு கழுவப் போனீர்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் தட்டு கழுவியது நீங்கள்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் வருடம் மாமனாரிடம் பயம். இரண்டாம் வருடம் உங்களிடம் வெட்கம். அதற்குப் பிறகு, உண்மையைச் சொல்கிறேன், குறி தப்பாத மருமகன் என்று ஊரே சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. கடைசியில் மாமா சாகும்போது, மகன் நீங்கள் கட்டில் பக்கத்தில் நிற்க, துப்பாக்கியை என் பேருக்குச் சொல்லிவிட்டுப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் கோடையில் நீங்கள் அரிசோனாவுக்கு வண்டி ஏறினீர்கள். செம்புச் சுரங்கத்து வேலைக்காக என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். எனக்கு மட்டும் தெரியும்.

போன மாதம் லெம்பியிடம் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்றாம் நாள் என் சட்டைகளையும் கத்தரிக்கோலையும் மேசைமேல் போட்டாள். "எங்கண்ணன் கண்ண மூடல. நீங்கதான் வாய மூடிக்கிட்டீங்க. பதினொண்ணு, எண்ணி வெட்டுங்க" என்றாள். முப்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் குடிலுக்குப் போனேன். உங்கள் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். லெம்பி அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, உங்கள் அம்மாவின் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதே ஆணிகளில் என்னுடையதை மாட்டிவிட்டேன். என் அலமாரியில் இப்போது ஒன்றைத் தவிர பின்பக்கம் உள்ள சட்டையே இல்லை. தேவாலயத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன், பாதிரியார் காய்ச்சலா என்று கேட்கிறார்.

முள்ளை நான் நிமிர்த்தவில்லை. அது சாய்ந்தபடியே இருக்கட்டும், நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மாமா மன்னிக்கட்டும், இந்த முறை முதலில் தகர டப்பாவைத்தான் சுடப்போகிறோம். அதற்கப்புறம் துப்பாக்கி உங்களுடையது. எடுத்துக்கொண்டு போனாலும் சரி, என் தலையில் போட்டு உடைத்தாலும் சரி. மூட்டுவலியைக் காரணம் சொல்லாதீர்கள், குடிலில் உங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பை நகர்த்தி வைத்திருக்கிறேன். தட்டு நான் கழுவுகிறேன்.

சுவரில் இப்போது பத்துத் துண்டுதான் தொங்குகிறது. பதினோராவது ஆணி காலியாக இருக்கிறது. துப்பாக்கியோடு மாமா எனக்குக் கொடுத்த சிவப்புக் கம்பளிச் சட்டை மட்டும் பாக்கி, அதை வெட்ட எனக்குக் கை வரவில்லை. அந்த உரிமையும் எனக்கு இல்லை. வேட்டைக்கு முந்தின நாள், நவம்பர் பதினான்காம் தேதி, அதைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி குடில் வாசலில் நிற்பேன். கத்தரிக்கோலை லெம்பி தீட்டி வைத்துவிட்டாள். வாருங்கள் மச்சான்.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
வெய்க்கோ