விளக்கெண்ணெயும் ஒரு தந்தியும்

மணவூர் ஸ்டேஷன்
4-6-1946

அன்புள்ள தபிதாளுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் வெளிக்குப் போய் இன்றோடு நாலு நாள். ரேஷனில் பாதி கோதுமை போடுகிறார்கள். மாவைச் சலித்து வெள்ளையாக ரொட்டி தட்டுகிறேன். அது உள்ளே போய்க் கல்லாக உட்கார்ந்துகொள்கிறது. கேட்மேன் தங்கவேலுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. “இன்னா பாபு, கூட்ஸ் வண்டியே லேட்டானாலும் வந்துடுது, உங்களுக்கு இன்னும் சிக்னல் வுழலையா?” என்று சிரிக்கிறான். பிரசவத்துக்குப் போனவள் எப்போது வருகிறாய்?

உன்
சற்குணம்

திருத்தணி
9-6-1946

அன்புள்ள உங்களுக்கு,

தவிட்டை எறிந்துவிட்டால் வயிறு எப்படி விடும்? மாவைச் சலிக்காதீர்கள். உலர்ந்த திராட்சை இருபது ஊறப்போட்டு, காலையில் பிசைந்து அந்தத் தண்ணீரோடு குடியுங்கள். வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். எதற்கும் கேட்காவிட்டால் விளக்கெண்ணெய் இரண்டு கரண்டி, சூடான பாலில், டியூட்டி இல்லாத நாளில். வயிற்று வலி இருந்தால் வேண்டாம். பாட்டிலை அண்ணியின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணனோடு நான் இன்னும் பேசுவதில்லை. அவர் தந்தியை நேரத்தோடு கொடுத்திருந்தால் பிள்ளையை அடக்கம் பண்ணுவதற்குள் நீங்கள் வந்து முகம் பார்த்திருப்பீர்கள். ஜூலை இருபத்தோராம் தேதி ஞாயிறு, பிள்ளையின் கல்லறைக்குக் கல் வைக்கிறோம். அவசியம் வாருங்கள். வந்தால் உங்களோடு மணவூருக்குக் கிளம்பிவிடுவேன்.

தபிதாள்

மணவூர்
18-7-1946

அன்புள்ள தபிதாளுக்கு,

இந்த ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதத்துக்குக் கடிதம் நீ எழுதின வைத்தியமெல்லாம் செய்தாகிவிட்டது. எதற்கும் கேட்கவில்லை. நேற்றிரவு விளக்கெண்ணெயும் சொன்ன அளவு குடித்தேன். காலை ஆறு மணிக்கு டியூட்டியில் உட்கார்ந்து சாயங்காலம்தான் எழுந்தேன். வயிறு அசையவே இல்லை. வேறு ஏதாவது எழுது.

ஞாயிறு வர முடியாது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, லீவு கிடையாது.

சற்குணம்

திருத்தணி
26-7-1946

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் குடித்த மனிதர் மறுநாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? உங்கள் முதல் கடிதம் மெய். மற்றவை என் பதிலுக்காக எழுதினவை என்று எனக்கு எப்போதோ தெரியும். சந்தோஷமாகவே இருந்தது, அதனால்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கல் வைத்த அன்று நீங்கள் இல்லை. கிருத்திகைக்கு ஊர் ஊராகக் காவடி வந்து இறங்கிற்று. அரக்கோணத்தில் ஒரு வண்டி மாற உங்களால் முடியவில்லை. “ஏம்மா, வவுத்துக்கு மட்டும் பொண்டாட்டி வேணும், வந்து கூப்ட்டுக்கினு போவ கால் இல்லையா அவருக்கு?” என்று அண்ணி கேட்டாள். நானும் அதையே கேட்கிறேன். இங்கே வர உங்களுக்கு என்ன பயம்?

தபிதாள்

மணவூர்
2-8-1946

தபிதாள்,

தந்தி மறுநாள்தான் கிடைத்தது என்று சொன்னேன். அது பொய்.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை பத்தே காலுக்கு வந்தது. தந்தி மேஜையில் நான்தான் இருந்தேன். ‘குழந்தை மரித்தது, அடக்கம் மாலை ஐந்து, உடனே வரவும்.’ அதை என் கையாலேயே எழுதினேன். பதினொன்று நாற்பதுக்கு அரக்கோணம் பாசஞ்சர் வந்தது. மாற்று ஆளும் இருந்தார். “போங்க சற்குணம், நான் பாத்துக்கறேன்” என்றார். நான் போகவில்லை. உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த வண்டிக்கு ஏழு டிக்கெட் கொடுத்தேன். கொடியும் காட்டினேன்.

மறுநாள் அங்கே வந்தபோது, ஏன் தாமதம் என்று நீ கேட்டாய். உன் அண்ணன் தந்தியைத் தாமதமாகக் கொடுத்திருப்பார் என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

சற்குணம்

திருத்தணி
9-8-1946

ஐயா,

நீங்கள் வராததை நான் மன்னித்திருப்பேன். சிலருக்குச் சாவு வீட்டுக்குள் நுழையக் கால் வராது. எனக்கு அது தெரியும்.

ஆனால் நாலு மாதமாக அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். பிள்ளையின் கல்லை நட அவர் குழி வெட்டிவிட்டு மண் கையோடு வந்து நின்றபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒரு நாளும் எதிர்த்துச் சொல்லவில்லை. நேற்று உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்தார். “போனாப் போவுது, நீ மொதல்ல சாப்புடு” என்றார்.

நான் மணவூருக்கு வரவில்லை. வயிறு மெய்யாகவே கெட்டால் அரக்கோணத்தில் டாக்டர் இருக்கிறார். எனக்கு எழுத வேண்டாம்.

தபிதாள்