நம்ம மணி மூணு

இன்று காலை மகளுக்குச் சளி. கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விட்டு அவள் மூக்கருகே பிடித்தேன். அவளுக்கு மூக்கடைப்பு விட்டதோ இல்லையோ, எனக்கு அடிஸ் அபாபா வந்துவிட்டது. அந்த ஊர் முழுக்க இந்த வாடைதானே. மலையெல்லாம் யூகலிப்டஸ் மரம், அடுப்பில் எரிவதும் அதுவே, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதும் அதுவே. நேற்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் பதினாறாம் நாள் விசேஷத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரத்தனம் எனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உயிரோடு இருந்தபோது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவன் வேறு என்ன செய்வான்?

எண்பதுகளில் நம் ராஜபாளையம் மில்லில் கதவடைப்பு. நீயும் நானும் ஒரே ஷிப்டு பிட்டர்கள், ஒரே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்தோம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எத்தியோப்பியாவில் ஒரு நூல் மில்லுக்கு ரிங் பிரேம் என்ற நூற்பு மிஷின்களை மாட்ட ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு என் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தவன் நீ. அதை மறைக்கமாட்டேன். மூன்று மாத வேலை. நீ இல்லாவிட்டால் நான் மதுரையைத் தாண்டியிருக்க மாட்டேன்.

போன முதல் வாரமே நம் மானம் போனது. டைம் ஆபீஸ் கிளார்க் ‘நாளை இரண்டு மணிக்கு வாருங்கள்’ என்றார். நாம் காலையில் நன்றாகத் தூங்கி, சோறு பொங்கிச் சாப்பிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்றோம். மில்லே சிரித்தது. அந்த ஊரில் சூரியன் உதிப்பதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமக்கு ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று, நமக்கு எட்டு என்றால் இரண்டு.

“விடிஞ்சதுலருந்து எண்ணுதாங்கலே. நம்ம ஊர்ல நாழிகை பாக்கோம்லா, அந்த மாதிரி. இதுல என்ன தப்பு?” என்று நீ அவர்களுக்கு வக்காலத்து வாங்கினாய். அன்றிலிருந்து நமக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் மணி சொன்னாலும் உடனே அடுத்தவன் கேட்பான்: “நம்ம மணியா, அவிய மணியா?” பஸ்ஸுக்கும் அதுதான், ஷிப்டுக்கும் அதுதான். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அதைக் கேட்காமல் நாம் காலடி எடுத்து வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நல்லபடியாகத்தான் போயின. எந்தோத்தோ மலை மேலேறி நின்று ஊரைப் பார்த்தோம். தழைக்கட்டைச் சுமந்துகொண்டு, முதுகு தரைக்குச் சமமாக வளைந்து இறங்கிய பெண்களைப் பார்த்ததும் நீ ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாய். அடுத்த வாரம் கூண்டுச் சிங்கத்தைப் பார்க்கப் போனோம். பிடரி கறுத்த சிங்கம், நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம ஊரு நாயி இதவிட மரியாத தெரிஞ்சது” என்றாய். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம், என்ன சொன்னாய் என்று புரியாமலே உன்னோடு சேர்ந்து சிரித்தது.

மெர்க்காத்தோ சந்தைக்கு மட்டும் நாம் நான்கைந்து முறை போனோம். எவ்வளவு பெரிய சந்தை! மிளகாய்ப்பொடிக்கு ஒரு தெரு, சட்டி பானைக்கு ஒரு தெரு, பழைய டயரை வெட்டிச் செருப்பு தைக்க ஒரு தெரு. நடுவில் மூட்டை சுமந்த கழுதைகள் யாருக்கும் வழிவிடாமல் போகும். விலை பேச நமக்கு மொழி தெரியாது. ஆனால் நாடகம் தெரியும். நான் வேண்டாம் என்று விறுவிறுவென நடப்பேன். நீ சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாவமாக நிற்பாய். கடைக்காரர் மனமிரங்கி விலையைக் குறைப்பார். “நீ முன்னால போ. நான் பின்னால வாரேன்” என்பாய். நானும் திரும்பிப் பார்க்காமலே நடப்பேன். நீ வருவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பிட்டரை இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. ஒரே ஓர் ஆள். மேனேஜர் இரண்டு பேரையும் பார்த்துப் பேசிவிட்டு முடிவு செய்வாராம். நான் அன்றே வீட்டுக்கு எழுதினேன். உறுதியாகவில்லை என்றுதான் எழுதினேன். என் மனைவி அதற்குள் குழந்தையை மடியில் வைத்து ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, சேத்தூரில் அவள் பிறந்த வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பதில் கடிதத்தில் ‘அங்க குளிருமாமே, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுக்கவா?’ என்று கேட்டிருந்தாள். அந்தக் கடிதத்தை உன்னிடம்தான் படித்துக் காட்டினேன்.

சனிக்கிழமை நான் மிஷினுக்கு அடியில் படுத்திருந்தபோது கிளார்க் உன்னிடம் நேரம் சொல்லிவிட்டுப் போனார். நீ குனிந்து என்னிடம் சொன்னாய்: “நாளைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லுதாவ.”

“நம்ம மணியா, அவிய மணியா?”

“நம்ம மணிதாம்ல. நம்ம மணி மூணு.”

எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீ தடுமாறவில்லை. ஸ்பானரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாய்.

மறுநாள் காலை உனக்கு வயிறு சரியில்லை என்றாய். “நீ மட்டும் சந்தைக்குப் போயிட்டு வா. எம் பொண்டாட்டிக்கு ஒரு வெள்ளத் துப்பட்டி பாரு, அந்தக் கரை போட்டது. நீ பாத்தா நல்லாருக்கும். அப்படியே மத்தியானம் நேரா மில்லுக்கு வந்துரு” என்றாய். நானும் போனேன். உன் மனைவிக்காக ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். நாடகத்துக்கு ஆள் இல்லாததால் நானே நடந்தேன், நானே திரும்பி வந்தேன். கடைசியில் ஒரு வயதான கடைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, முக்காலியைத் தள்ளி உட்காரச் சொல்லி, என் கண்முன்னே காப்பிக்கொட்டையை வறுத்து இடித்துக் காப்பி போட்டார். அவர்கள் வழக்கத்தில் மூன்று சுற்றுக் காப்பி. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. மூன்று மணிக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறதே என்று சாவகாசமாக மூன்றையும் குடித்தேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு ருசியான காப்பியைக் குடித்ததில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்று மணிக்கு மில் ஆபீஸ் பூட்டியிருந்தது. வாசலில் கிளார்க் மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “உன் நண்பர் மூன்று மணிக்கே வந்துவிட்டாரே. நீ ஊருக்குத் திரும்பவே ஆசைப்படுகிறாய், அதனால் வரவில்லை என்றார். மேனேஜரும் வெளியூர் கிளம்பிவிட்டார்.” மூன்று மணி. அவிய மணி. நம் கணக்கில் காலை ஒன்பது.

நீ நேரத்தைத் தப்பாகக் கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள நான் எவ்வளவு முயன்றேன் தெரியுமா? தப்பாகக் கேட்டவன் எப்படிச் சரியான நேரத்துக்குப் போய் நிற்பான்? வயிற்று வலிக்காரன் எப்படி மேனேஜருக்கு முன்னால் உட்காருவான்? நான் சொல்லாத ஆசையை யார் உனக்குச் சொன்னது?

நம் அறைக்கு வந்தேன். நீ பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாய். முகத்தைத் திருப்பாமலே, “எங்கலே போன? செத்த நேரம் காத்துப் பாத்தேன். அவிய மணின்னு சொன்னேன்லா?” என்றாய்.

அந்த இடத்தில் உன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். “எனக்குத்தான் சரியா விழல போல” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பத்து நாள் ஒரே அறையில் ஒரே சட்டியில் தின்ன வேண்டும் என்பதாலா? கேட்டால் இன்னொரு பொய் சொல்வாய், அதை நீ சொல்வதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்பதாலா? துப்பட்டியை எடுத்து உன் கட்டிலில் வைத்தேன். “கரை அருமையா இருக்குலே” என்றாய். நீ எனக்குச் செய்தது துரோகம். அதைத் துப்பட்டியை மடித்து வைத்த அந்த நேரத்திலேயே நான் புரிந்துகொண்டேன்.

நான் ஊர் திரும்பி பேண்டேஜ் துணித் தறியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ இரண்டு வருஷத்தை நான்காக்கிக்கொண்டாய். திரும்பி வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டினாய். சம்பாதித்ததில் எனக்குப் பொறாமை இல்லை என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான், பொறாமை இருந்தது. ஆனால் அதைவிட வலித்தது வேறு. நீ போகிற இடமெல்லாம் ஒரு கதை சொன்னாய். டீக்கடையில் சொன்னாய், கல்யாண வீட்டில் சொன்னாய், என் வீட்டில் என் மனைவி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாய். “அவனுக்குத்தாம்மா கெடைச்சிருக்கணும். வேலைல என்னைய விடக் கெட்டிக்காரன். சந்தையில பராக்குப் பாத்துக்கிட்டு நின்னுட்டான்.” என்னைப் புகழ்ந்துதான் சொன்னாய். அவள் உள்ளே போய், அந்தப் பாஸ்போர்ட் போட்டோ இருந்த ஸ்டூடியோ கவரை எடுத்து மறுபடி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்ததை நீ பார்க்கவில்லை.

நேற்று உன் மனைவியும் அழுகைக்கு நடுவே அதையே சொன்னார். “அண்ணே, அவிய கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாக. அன்னைக்கு நீங்க மட்டும் நேரத்துக்குப் போயிருந்தா…” அவர் தலையில் போட்டிருந்த, கரை போட்ட அந்த வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்துக்கொண்டு நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அவரிடம் போய் என்ன சொல்ல முடியும்? இனி யாரிடம் சொன்னாலும், செத்தவன் மேல் பழி போடுகிறான் என்றுதானே சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்மேல் தப்பில்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான் இருந்தாய். மனசு வந்து என்றைக்காவது சொல்லிவிடுவாய் என்றுதான், இத்தனை வருஷமும் உன் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டு இருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ராஜபாளையம் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

“நெசமாத்தான் கேக்கேன். அப்படி என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னிய அந்தச் சந்தையில?”

“துப்பட்டி பாத்துக்கிட்டு நின்னேன்” என்றேன்.

“யாருக்கு?”

“ஸ்டாப்பு வந்துட்டு, எறங்கு” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.