கடல் திரும்பியபோது

செவ்வாய், அமாவாசை. குஜராத்தில் பாவ்நகர் கடற்கரை.

காஞ்சிபுரத்திலிருந்து மகன் ஓட்டிவந்த கேரவனில் என் ஓரகத்தி சரோஜாவும் இருக்கிறாள். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை விட்டவள். பதினோரு வருஷமாக என் மகன் வழியாகத்தான் எங்களுக்குள் பேச்சு.

இன்று கடல் உள்வாங்கியதும், நடுக்கடலில் இருக்கும் சிவனை நடந்துபோய்க் கும்பிட்டோம். திரும்பும்போது மகன் வெகுதூரம் முன்னால் போய்விட்டான். தண்ணீர் ஏறுவதைப் பார்க்காமல் சரோஜா எனக்குப் பின்னால் நின்று விபூதி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி அனுப்ப ஆளில்லை.

"ஏய் சரோஜா, கடல் வந்துக்கினு இருக்குது!"

"என்னையா கூப்பிட்ட?"

"பின்ன, சிவனையா? ஓடியாடி!"

அவள் கையைப் பிடித்து, முழங்கால் தண்ணீரில் கரைக்கு இழுத்துவந்தேன். அந்தப் பத்திரிகையை நான் மறக்கவில்லை. இப்போது ராத்திரி, கேரவனில் பக்கத்துப் படுக்கையிலிருந்து, "அக்கா, லைட்ட அணைக்கிறியா?" என்கிறாள். நேராக என்னிடமே கேட்கிறாள். அணைக்கிறேன்.