தனத்தின் முறை

என் தங்கமே, தனம்,

உன் பள்ளிக்கூடத்தில் மலர் போடுகிறார்களாம். பழைய மாணவிகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்களாம். உன் பக்கத்தை நான் எழுத வேண்டும் என்று வசந்தா கேட்டாள். மூணாம் வகுப்போடு நின்றவளுக்கு மலருக்கெல்லாம் எழுத வருமா? உனக்கென்றால் எழுதுவேன். அதனால் உனக்கே எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும். அந்த வார்டன் அம்மா இன்னும் உயிரோடு இருந்து அவர் கண்ணில் இது பட்டாலும் நல்லதுதான்.

எந்த வசந்தா என்று நீ கேட்க மாட்டாய். ஆறாவதிலிருந்து ஆஸ்டலில் உன்னோடு இருந்தாளே, அவளேதான். இப்போது செங்கத்தில் டீச்சர். கண்ணாடி போட்டிருக்கிறாள். போன மாசி மாதம் கீழ்பென்னாத்தூருக்கு வந்து நம் வீட்டு வாசலில் நின்றாள். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

உங்கள் ஆஸ்டலில் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். கொண்டுபோகிற தின்பண்டத்தைப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த நீள மேஜைமேல் வைத்துவிட வேண்டும். நாங்கள் கிளம்பிய பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கு. பார்க்க ஆளில்லாத பிள்ளைகள் ஏங்கிப்போகும் என்பது வார்டன் அம்மாவின் நியாயம். நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மல்லாட்டை வறுத்து, தோல் புடைத்து, வெல்லப்பாகு வைத்து, கை சுடச் சுட உருண்டை பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். என் பிள்ளைக்கும் ஒன்று, ஊர்ப் பிள்ளைக்கும் ஒன்று என்றால் மனசு ஒப்புமா?

நீ எட்டாவது படிக்கும்போது, துவைத்துக் கொண்டுவந்த உன் பாவாடைக்குள் கொஞ்சம் உருண்டைகளைச் சுருட்டிக் கொடுத்தேன். மறுநாளே வசந்தா போய் வார்டனிடம் சொல்லிவிட்டாள். ரெண்டு மாசம் உன்னைப் பார்க்க நான் வரக் கூடாது என்று தண்டனை. அதை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த மாதம் கூடையோடு போய் கேட்டில் நிற்கிறேன்.

"உன்ன உட வேணாம்னு உத்தரவும்மா" என்றார் வாட்ச்மேன்.

"இன்னாய்யா தப்பு பண்ணேன்?"

"திருட்டுத்தனமா கடல உருண்ட குடுத்தியாமே."

எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். வந்தவாசிக்காரி, கழுத்தில் சரடு, பச்சைச் சேலை. இன்றைக்குப் பார்த்தாலும் அவளை அடையாளம் சொல்வேன். என்ன மன்றாடியும் வாட்ச்மேன் கூடையைக்கூட வாங்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்ததை உன் அப்பா தொடவில்லை, நானும் தொடவில்லை.

அப்போது அது வெறும் அவமானமாகத்தான் இருந்தது. நீ போன பிறகுதான் அந்த ரெண்டு ஞாயிறும் எனக்குள் வளர ஆரம்பித்தன. நீ இருந்ததே கொஞ்ச காலம். பதினோராவது முடித்தாய், கட்டிக்கொடுத்தோம், செல்வியைப் பெற்றுப் போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டாய். அவ்வளவு சின்ன ஆயுசிலிருந்து ரெண்டு நாளைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அந்த கேட்டை இனி மிதிப்பதில்லை என்று உன் காரியம் முடிந்த அன்றே சொன்னேன். உன் புருஷன் வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவன்மேல் இருக்கிற கோபம் தனி. அதற்கு இந்த மலரில் பக்கம் போதாது.

செல்வி என்னிடம்தான் வளர்கிறாள். உன் நெற்றி, உன் பிடிவாதம். அஞ்சாவது முடிக்கிறாள். "அம்மா படிச்ச ஸ்கூலுக்குத்தான் போவேன்" என்று ரெண்டு மாசமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என் உயிர் இருக்கிறவரை அது நடக்காது என்று சொல்லியிருந்தேன். வசந்தா வந்ததும் அதற்காகத்தான்.

"தனம் பொண்ண நம்ம ஆஸ்டல்லியே சேத்துடலாம்மா. லீவு நாள்ல நான் போயிப் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவ. எத்த எங்க போயிச் சொல்லலாம்னு பாத்துக்குவ."

அவள் தலையைக் குனியவில்லை. "ஆமாம்மா, நான்தான் சொன்னேன். எனக்கும் ஒரு உருண்ட குடுத்தா. தின்னுட்டுதான் போயிச் சொன்னேன்."

"தின்னுட்டா?"

"நமக்கு இப்பிடி ஒளிச்சிக் கொண்டாந்து குடுக்க ஒருத்தரும் இல்லியேன்ற ஆத்திரம். அவ என்னாடான்னா, எங்கம்மா எப்பவும் வெல்லத்த ஜாஸ்தியாப் போட்டுடும்னு கொற சொல்லிக்கினே தின்றா."

எனக்கு ஆத்திரம் குறையவில்லை, கூடியது. ஆனால் வெல்லம் ஜாஸ்தி என்ற அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லையே, தனம். உன்னைப் பற்றிப் புதிதாக ஒரு சேதி இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உட்காரு என்றேன்.

"அந்த ரெண்டு ஞாயித்துக்கெழமையும் அவ இன்னா பண்ணான்னு தெரியுமாம்மா?" என்று வசந்தா கேட்டாள்.

தெரியாது. நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாய் என்று விட்டுவிட்டேன்.

பார்க்க ஆள் வராத பிள்ளைகள் அன்றைக்கு முன்பக்கம் வர மாட்டார்களாம். பின்னால் துணி துவைக்கிற கல்மேல் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். வசந்தாவுக்குத் தாய் இல்லை, அப்பன் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் மாசா மாசம் அந்தக் கல்தான். அந்த ஞாயிறு நீ ஸ்டோர் ரூம் ஜன்னலில் நின்று, நான் கூடையோடு திரும்பிப் போவதைப் பார்த்தாயாம். நான் ரோட்டு முனையில் மறைகிறவரை நின்றாயாம். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த வசந்தாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாயாம். துண்டை முந்தானை மாதிரி தோளில் போட்டு, நான் உட்கார்வதுபோல ஒரு முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

வசந்தா அதை நம் வீட்டு வாசலில் செய்தே காட்டினாள்.

"நான் கீழ்பென்னாத்தூர்லேந்து வரேன். பஸ்ல ஒரே கூட்டம். கூடய மேல தூக்கிப் போடுன்றான் கண்டக்டரு. மேல போட்டா உருண்ட ஒடஞ்சி பூடாது? அறிவு கெட்டவன். ஏன்டி வசந்தா, எளச்சிட்ட? தலைக்கு எண்ண வெச்சியா இல்லியா? எவளாவது வம்பு பண்ணா எங்கிட்ட சொல்லு, நான் பாத்துக்கறேன்."

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆயா இப்பவும் இப்பிடித்தான் பேசும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேச்சை நீ பேசி, நீ பேசியதை அவள் பேசி, நடுவில் எங்கேயோ உன் குரல் இருந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"என்னப் பாக்கன்னு அன்னிக்குத்தாம்மா மொதல்ல ஒரு ஆளு வந்துது" என்றாள் வசந்தா. "அடுத்த மாசமும் வந்தா. தண்டன முடிஞ்சி நீங்க வர ஆரம்பிச்சப்புறமும், உங்கள பஸ் ஏத்தி அனுப்பிட்டு நேரா அந்தக் கல்லுக்குத்தான் வருவா."

பழைய மாணவிகள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ செய்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி கட்டி, உபயம் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். மின்விசிறி இறக்கைமேலும் எழுதியிருக்கிறார்களாம், சுற்றும்போது யார் படிப்பது? உன் வகுப்புப் பெண்கள் வேறொன்று செய்கிறார்கள். பார்க்கிற ஞாயிறு தோறும் ஒருத்தி போய், ஆள் வராத பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாள். மாசத்துக்கு ஒருத்தி முறை.

"பங்குனி மாசம் தனத்தோட முறை" என்றாள் வசந்தா.

"அவ ஏதும்மா?"

"நம்ம ஆஸ்டல்ல முறைய அழிக்கிற வழக்கமே இல்லம்மா. தண்ணி எறைக்கறவளுக்கு ஒடம்பு சரியில்லன்னா, அவ பேரச் சொல்லி இன்னொருத்தி எறைப்பா. தனம் பேரச் சொல்லி யாரு வரது?"

போனேன், கண்ணு. சொன்ன சொல்லை நான் மீறியது என் காலத்தில் அது ஒன்றுதான். கேட்டில் வாட்ச்மேன் வேறு ஆள், "யாரப் பாக்கணும்?" என்றான். "தனம் முறைக்கு வந்திருக்கேன்" என்றேன், விட்டுவிட்டான். அதே நீள மேஜை. கூடையை அதன்மேல் கவிழ்த்தேன். ஒன்றை மட்டும் மடியில் செருகிக்கொண்டேன். வசந்தா பார்த்துவிட்டாள்.

"இந்தத் தடவ சொல்ல மாட்டேம்மா" என்றாள்.

துவைக்கிற கல்லில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஜவ்வாது மலைப் பக்கம், ஆறாவது படிக்கிறது. எதிரே போய் உட்கார்ந்தேன். முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டு, ஒரு முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "நீங்க யாரு?" என்று அது கேட்டது.

"கீழ்பென்னாத்தூர்லேந்து வரேன். பஸ்ல ஒரே கூட்டம். ஏன்டி எளச்சிட்ட?"

"நீங்க இதுக்கு மின்ன என்னப் பாத்ததே இல்லியே."

"பாக்கலன்னா இன்னா, எளச்சிதான் இருக்கற."

மடியிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நீ சொன்னாயே என்று வெல்லம் கம்மியாகத்தான் போட்டிருந்தேன். ரெண்டு கடி கடித்துவிட்டு, "வெல்லம் பத்தல பாட்டி" என்றது. நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்.

திரும்பும்போது ஸ்டோர் ரூம் ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து ரோடு முழுசும் தெரிகிறது. அன்றைக்கு நான் கூடையோடு போகும்போது நீ என்னைக் கூப்பிட்டாயா, தனம்? கூப்பிட்டு எனக்குத்தான் கேட்கவில்லையா? அதை மட்டும் வசந்தாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வார்டன் அம்மாவை நான் மன்னிக்கவில்லை. வசந்தாவையும் முழுசாக இல்லை. வந்தால் சோறு போடுகிறேன், அவ்வளவுதான்.

ஆனி பிறப்பதற்குள் செல்வியை அங்கே சேர்க்கிறேன். உன் தகரப் பெட்டியில் அவள் பேரை எழுதியாகிவிட்டது, உன் பேரை அழிக்கவில்லை. பார்க்கிற ஞாயிறு தோறும் வருவேன். செல்வியைப் பார்த்துவிட்டு அந்தக் கல்லுக்குப் போவேன், யாரிருந்தாலும் எதிரே உட்காருவேன். என்னால் முடியாமல் போகிற நாளில் உன் பேரைச் சொல்லி செல்வி உட்காருவாள். உன் முறை விட்டுப்போகாது.

உன்னைப் பெற்றவள்,
செல்வியின் ஆயா
முனியம்மா