ஐஸ் போட்ட கம்ப்யூட்டர்

பெரிய மார்க்கெட்டில் இன்று வஞ்சிரம் வாங்கப் போனேன். மீன்காரம்மா உடைத்த ஐஸை அள்ளிக் கூடையில் கொட்டினார். ஈரச் சாக்கும் மீனும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. நேராக வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வஞ்சிரம் இன்னும் பையிலேயே கிடக்கிறது. வீட்டுக்காரி திட்டினால் திட்டட்டும்.

நெல்லித்தோப்பில் நாம் கூட்டாக வைத்திருந்த கல்யாண வீடியோ கடையை நினைத்தாலே எனக்கு வேர்க்கும். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை. நீ படம் பிடிப்பாய், நான் வெட்டி ஒட்டுவேன். ஒரு கல்யாணத்தை டிவிடியாக முடித்துத் தர அந்தக் கம்ப்யூட்டர் ஒரு பகல் முழுக்க முக்கும். புதுசு வாங்க வக்கில்லை. "இருக்கறதையே முடுக்கி வுட்டுடலாம்டா" என்றாய். கம்பெனி வைத்து அனுப்பிய வேகத்தை நாமே கூட்டுவது. கூட்டினால் சூடு ஏறும், சூடு ஏறினால் பாதி வேலையில் நின்றுவிடும். அதற்கும் வழி வைத்திருந்தாய். பழைய காரில் கழற்றிய சின்ன ரேடியேட்டர், மீன்தொட்டி மோட்டார், லேத்தில் கடைந்த செம்புக் கட்டி. சூடாகிற பிராசசரின் தலையில் செம்பு உட்காரும். வாளித் தண்ணீர் ரப்பர் குழாய் வழியாக அதற்குள் ஓடி, சூட்டை வாங்கி ரேடியேட்டரில் விட்டுவிட்டு வரும். பார்க்க வந்தவர்கள், "என்னப்பா, சாராயம் காய்ச்சறீங்களா?" என்று கேட்டார்கள்.

நீ வேகம் கூட்டுகிற அழகே தனி. கொஞ்சம் ஏற்றுவாய். பிராசசரைப் போட்டுப் பிழிகிற ஒரு புரோகிராமைக் காலையில் ஓடவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருப்பாய். தப்பு விழுந்தால் வோல்டேஜைத் துளி கூட்டுவாய். அதில் சூடு எகிறினால் முணுமுணுக்காமல் பழைய வேகத்துக்கே இறங்கிவிடுவாய். "ஓடறது பெருசில்லடா, நிக்காம ஓடணும்" என்பாய். அப்படிப்பட்ட பொறுமைக்காரன் ஒரே ஒரு முறைதான் நிதானம் தவறினாய்.

அது அக்னி நட்சத்திர சமயம். நாம் எடுத்தது மாதா கோவில் கல்யாணம். பெண்ணின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார், கோவிலுக்கு வர முடியவில்லை. மாப்பிள்ளைக்குப் பிரான்சில் வேலை. பெண் கிளம்புகிற நாளும் நெருங்கிவிட்டது. போவதற்கு முன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. "நீ கிளம்பறதுக்குள்ள கொண்டாந்துடறேம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாய்.

அவள் கிளம்புகிற அன்று காலை அறை அடுப்படியாகக் காந்தியது. வாளித் தண்ணீரே வெந்நீர். கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. மறுபடி ஓடவிட்டோம், மறுபடி நின்றது. வேகத்தை இறக்கினால் நிற்காது, ஆனால் அவள் கிளம்புவதற்குள் முடியாது. நீ வண்டியை எடுத்துக்கொண்டு உன் ஊரான வீராம்பட்டினம் போனாய். உங்கள் வீட்டுப் படகுக்கு வாங்கி வைத்திருந்த ஐஸைச் சாக்கோடு கொண்டுவந்து வாளியில் கொட்டினாய்.

சூடு மளமளவென்று இறங்கியது. "பாத்தியா, இன்னும் ஏத்தலாம்" என்று வேகத்தையும் கூட்டினாய். நம் ஊர்க் கடல் காற்றில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு எப்படி வேர்க்கும்! அது நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. குழாய் வேர்த்தது, செம்பு வேர்த்தது, அத்தனையும் சொட்டுச் சொட்டாக மதர்போர்டில் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம், திரை இருண்டது.

தரையில் உட்கார்ந்து அழுதாய். "அந்தப் பொண்ணு மூஞ்சில எப்புட்றா முழிப்பேன்?"

"எழுந்திருடா. கேமராவ டிவில சொருகி டேப்ப அப்டியே காட்டுவோம். வெட்டாததப் பாத்தா ஆவாதா?" என்றேன்.

டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே நான் ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். எப்படியும் பாட்டுதானே போடப்போகிறோம். அதனால் படம் பிடிக்கும்போது நீ என்ன பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாது. அந்தம்மாவின் கட்டிலுக்கு எதிரே டிவியில் பூசை ஓட, உன் குரல் மெதுவாகக் கேட்டது. "அம்மா, இப்ப சாமியார் தாலிய மந்திரிக்கறாரு. தோ, பொண்ணு திரும்புது பாருங்க, உங்களத்தான் தேடுது." முழுப் பூசையையும் நீ அவரிடம் சொல்லிக்கொண்டே எடுத்திருக்கிறாய். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் அங்கதாண்டி இருந்திருக்கேன்" என்று அழுதார். வாசலில் கார் காத்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நீ போய் ஒரு வருஷமாகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதானாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊரையே படம் பிடித்த நீ ஒரு படத்திலும் இல்லை. "அப்பா பேசுனது எதுனா இருக்கா மாமா?" என்று போன வாரம் உன் மகள் கேட்டாள். பரணில் கிடந்த டேப்புகளை இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன். எல்லாக் கல்யாணத்திலும் பேசிக்கொண்டே இருக்கிறாயடா, பாவி. அவளுக்காகச் சேர்த்து வைக்கிறேன்.

நேற்று ஒரு டேப்பில் திடீரென்று, "டேய், லைட்ட மறைக்கிற, நவுரு" என்றாய். தனியாக உட்கார்ந்திருந்த நான், நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.